தளவாய் பெயரில் எழுதாதீர்கள்

கம்பளி சாக்ஸ் நம் பக்கத்தில் நல்லதாகக் கிடைப்பதில்லை, மேடம். படப்பையில் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவதை எடுத்துக் காட்டுவார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ரோட்டோரம் ஸ்வெட்டர் விற்கிற வடநாட்டுக்காரரிடம்தான் அகப்பட்டது. முழங்கால் வரை வரும், நல்ல தடிமன். சாம்சன் புறப்படுவதற்கு முந்தின வாரம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவன் மனைவி ஜாஸ்மின் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "கூடப் பொறந்தவங்க கூட இப்டி செய்ய மாட்டாங்கண்ணா" என்று கண் கலங்கினாள். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது தளவாய் வழக்கில் சாட்சி சொல்ல. தளவாய் படப்பையில் ஆபீஸ் வைத்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பினவன். வேலை என்று சொல்லிப் போர்முனைக்கு அனுப்பினான், சாம்சன் பதுங்குகுழியில் செத்தான், ஆகவே அந்தச் சாவுக்குத் தளவாய்தான் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். வாசித்தும் காட்டினீர்கள். எழுத்தில் குறை இல்லை, விஷயம்தான் தப்பு. தளவாய் போகிறவன் வருகிறவன் எல்லோருக்கும் வலை விரித்தவன். சாம்சனுக்கென்று தனியாகப் பாடுபட்டவன் நான். என் பாட்டையெல்லாம் அவன் பெயரில் எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது. அதனால்தான் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தணிகாசலம், ஊர் சேரப்பணஞ்சேரி. வல்லம் வடகாலில் கார் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் டை செட்டர். பிரஸ் மெஷினில் அச்சு மாட்டி, சரி பார்த்துக் கொடுக்கிற வேலை. டூல் ரூமுக்கு மாறுவதற்கு முன் நானும் வருஷக்கணக்கில் பிரஸ் ஓட்டினவன்தான். என்னைப் பற்றி ஊரில் விசாரித்துப் பாருங்கள். யாரையும் கை நீட்டி அடித்தவன் இல்லை, குடித்துவிட்டு ரோட்டில் நின்றவன் இல்லை. எனக்கும் ரத்னாவுக்கும் ஒரே மகன், சிவசங்கர். ஐடிஐ முடித்ததும் அதே கம்பெனியில் பிரஸ் ஓட்டச் சேர்த்துவிட்டேன். அவன் லைனுக்கு சாம்சன்தான் சூப்பர்வைசர். சாம்சன் எங்கள் ஊர் சர்ச் தெருக்காரன். ஒரே வேனில் போவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பார்கள்.

நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். ஆளின் கை உள்ளே இல்லை என்று மெஷினுக்குத் தெரிவதற்கு அதுதான் வழி. இதில் ஒரு பொத்தானை அமுக்கின மேனிக்கே டேப் சுற்றிக் கட்டிவிட்டால் ஒரு கை மிச்சமாகும். அந்தக் கையால் அடுத்த தகட்டை எடுத்துக்கொள்ளலாம். டார்கெட் சீக்கிரம் முடியும். எங்கள் பழைய மெஷின்கள் எல்லாவற்றிலும் நடக்கிறதுதான் இது. ஆடிட் வந்தால் பிரிப்பார்கள், ஆடிட்காரர்கள் கார் ஏறியதும் கட்டிவிடுவார்கள்.

சிவா அச்சில் ஒட்டிக்கொண்ட தகட்டை எடுக்கக் குனிந்திருக்கிறான். முழங்கை ஒரு பொத்தானில் பட்டது. மற்றது ஏற்கெனவே கட்டிக் கிடந்தது. தலையும் தோளும் உள்ளே இருந்தன.

சத்தம் கேட்டு நான் டூல் ரூம் வாசலுக்கு வந்தபோது எல்லோரும் அவனைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சாம்சன் மட்டும் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று பொத்தானிலிருந்து டேப்பைப் பிரித்துப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. போலீஸ் வந்து பார்த்தபோது மெஷின் சுத்தமாக இருந்தது. மெஷின் கோளாறு என்று முடித்தார்கள். சட்டப்படி வரவேண்டிய நஷ்டஈடு எங்களுக்கு வந்து சேர்ந்தது.

டேப் விஷயத்தை நான் அப்போது போலீசில் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடந்திருக்கும்? சாம்சனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், ஒரு மெமோ. பிறகு அவன் பாட்டுக்கு லைனில் நின்றிருப்பான். ரத்னாவிடம் மட்டும் சொன்னேன். "டார்கெட்டுக்காக அவன்தான் கட்டி வெச்சான். போலீஸ் வர்றதுக்குள்ள பிரிச்சு பாக்கெட்ல போட்டுகினான். நானே பாத்தேன்" என்றேன். அதற்குப் பிறகு படப்பை மார்க்கெட்டில் சாம்சன் எதிரே வந்தபோது ரத்னா அவன் முகத்தில் காறித் துப்பினாள். "எம்புள்ளய நசுக்கிட்டு நீ மட்டும் மீன் வாங்கித் துன்ன வந்துட்டியாடா பாவி" என்று கேட்டாள். அவன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "வரேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். குற்றவாளி அப்படித்தான் போவான் என்று நான் ரத்னாவுக்கு விளக்கினேன்.

நான் அவனிடம் முகம் கோணவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரகடம் கூட்டுரோடு டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவான். சிவாவைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுப்பான், அப்புறம் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பான். "வுடுப்பா, போனது போச்சு" என்று நான் முதுகில் தட்டுவேன். அந்தக் கையை உள்ளே இறக்க வேண்டும் போல இருக்கும். எரிச்சல் என்று சொன்னால் போதாது, மேடம். அவன் மூச்சு விடுவதே எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டு ஒரு காரியத்தைக் கெடுக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

பிறகு அந்த லைனையே கம்பெனி மூடியது. சாம்சனுக்கு வேலை போனது. டெலிவரி வண்டி ஓட்டினான், கட்டுப்படியாகவில்லை. வெளிநாடு போகலாமா என்று என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்தான். அந்தச் சமயத்தில்தான் மணிமங்கலத்தில் அண்ணாதுரை என்று ஒருவர் சண்டை நடக்கிற ஒரு குளிர் நாட்டிலிருந்து காலில் விரல் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எனக்கும் அவருக்கும் முன்பின் பழக்கமில்லை. ஆறுதலாகப் பேசினால் மனிதர்கள் எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

தளவாய் மூலமாகப் போனவர் அவர். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். புரியாத பாஷையில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கொஞ்ச நாள் துப்பாக்கி பிடிக்கப் பழக்கி, முன்வரிசைக் குழிக்கு அனுப்பிவிட்டார்கள். "என்கூட வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு அங்கயே பூட்டாங்க சார்" என்றார். திரும்பி வருவதற்கு என்ன வழி என்று கேட்டேன். பனி பிடித்து விரல் கறுத்துப் போனால் பின்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், தான் அப்படித்தான் தப்பித்ததாகச் சொன்னார். சாக்ஸ் அதற்குத்தான், மேடம். சாம்சன் கால் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவனைத் தளவாயிடம் அழைத்துப் போனேன். தளவாய் தெற்கத்திக்காரன், பேச்சில் தேன் ஒழுகும். "சண்டைக்கெல்லாம் யாரு தம்பி அனுப்புதா? குடோன்ல பெட்டி எண்ணுத வேலைதான். துப்பாக்கியக் கண்ணால கூட பாக்க மாட்டிய, பாத்துக்கிடுங்க" என்றான். சாம்சனுக்குச் சந்தேகம் தீரவில்லை. என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா சொல்றீங்க? நீங்க சொன்னா போறேன்" என்றான். "நல்ல எடம்தாம்ப்பா. கண்ண மூடிகினு போ" என்றேன். தளவாய் என்னை நன்றியோடு பார்த்தான். அந்த வினாடியில் அவனால் முடியாததை நான் முடித்துக் கொடுத்தேன். உங்கள் தாளில் அது எங்கேயும் இல்லை.

போன பிறகு சாம்சன் வாட்ஸப்பில் பேசி அனுப்புவான். குழியில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம். சாமான் எடுக்கப் பின்னால் வரும்போதெல்லாம் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்து, ஜாஸ்மினுக்கு நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி, எனக்கு உண்மை முழுவதும். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்பான்.

"அண்ணா, குடோனும் இல்ல ஒரு எழவும் இல்லண்ணா. குழிலதான் கீறோம். மண்ணு கல்லு மாதிரி உறைஞ்சி கீது. சின்ன மம்பட்டியக் குடுத்து தோண்டுடான்றான். மேல மரத்த அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு, மண்ணக் கொட்டி மூடிகினோம். தலையத் தூக்க முடியாது. டிரோன் வந்துகினே கீது. நம்ம டூல் ரூம் கிரைண்டர் சத்தம் கீது பாருங்க, அதே சத்தம். அது கேட்டா ஒண்ணுக்குக் கூட வெளிய போக முடியாது."

ஷிஃப்ட் முடிந்து வேனுக்கு நிற்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். பனி உருகினதும் குழிக்குள் முட்டி வரை சேறு. ரொட்டியை எலி தின்றுவிடுகிறது. பனியைக் காய்ச்சித்தான் குடிதண்ணீர். ஒரு தடவை கேட்டால் பேச்சுதான் காதில் விழும். மறுபடி கேட்டால்தான் நடுவில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் தெரியும். அதனால் மறுபடி மறுபடி கேட்பேன். பசி எடுத்தது. மகன் போன பிறகு அந்த மாதங்களில்தான் நான் நன்றாகத் தூங்கினேன் என்று ரத்னாவே சொல்வாள்.

வேலைக்காரன்தான், அதை மறுக்க மாட்டேன். அந்தக் குழியிலும் போய் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். "இங்கயும் மூணு ஷிஃப்ட் போட்டுட்டேண்ணா. ஒருத்தன் பாக்கணும், ஒருத்தன் தோண்டணும், ஒருத்தன் தூங்கணும். நேபாளிப் பசங்க ரெண்டு பேரு, கேரளாக்காரரு ஒருத்தரு. நம்ம லைன்ல ஒடிசாப் பசங்களாண்ட பேசுன இந்திதான் இங்க கை கொடுக்குது. ஒரே கொற, ஷிஃப்ட் முடிஞ்சா வேன் வர மாட்டேங்குது" என்று சிரித்தான். நேபாளி ஒருவனுக்குக் காலில் குண்டு பட்டபோது அவனை முதுகில் போட்டுக்கொண்டு வயல்வெளியில் தவழ்ந்து பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். அதற்கு அதிகாரி அவனைக் கன்னத்தில் அறைந்தானாம், இடத்தை விட்டு நகர்ந்ததற்கு. அந்த அறையைப் பற்றி அவன் சொன்ன இடத்தை மட்டும் நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஜாஸ்மினுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குடும்பத்தார் மனுக் கொடுத்தால் நம் அரசாங்கம் பேசி விடுவிக்கிறது என்று யாரோ சொல்லி, மனு எழுதி எல்லா நகலும் சேர்த்து என்னிடம் கொண்டுவந்தாள். "எனக்கு ஆபீஸ்ல பேசத் தெரியாதுண்ணா. நீங்களே கலெக்டர் கையில குடுத்துட்டு வாங்க" என்றாள். காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். அம்மன் கோவிலுக்குப் போனேன். நல்ல தரிசனம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகவில்லை. வரும்போது கோவில் இட்லி வாங்கி வந்து பாதியை ஜாஸ்மின் வீட்டில் கொடுத்தேன். கொடுத்தாகிவிட்டது என்று சாம்சனுக்கும் பேசி அனுப்பினேன். அந்த மனுவை எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

இப்போது நீங்கள் தளவாய் மேல் எழுதியிருக்கிற பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து நீளமாக ஒரு பேச்சு வந்தது. ரத்னா கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கம் போய்க் கேட்டேன்.

"அண்ணா, தோள்ல குண்டு சில்லு பட்டுடுச்சு. பின்னால ஒரு ஊர்ல, வூட்டுக்கு அடியில கீற ரூம்ல படுத்துகினு கீறேன். கேரளாக்காரருக்கும் கையில அடி. நாளிக்கிக் காலைல ஒரு லாரி ஆஸ்பத்திரிக்குப் போவுதாம். ரெண்டு பேரும் ஏறிடலாம்ன்றாரு. அங்க நம்ம நாட்டு ஆபீசருங்க வந்து பாக்கறாங்களாம். எனக்கு இன்னும் நடக்க முடியுதுன்றதால குழிக்கே போடான்றான் எங்க ஆபீசரு. ஏறட்டாண்ணா? இல்ல, நீங்க குடுத்த மனுவுக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் குழிலயே கிடக்கட்டா? நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

பிறகு மறுபடி பேசினான்.

"இன்னொண்ணு சொல்லணும்ணா. செத்துட்டா யாருக்கும் தெரியாமப் பூடும். சிவா மெஷின்ல டேப்ப நான் கட்டல. அவனேதான் கட்டிகினான். முந்துன வாரமே ஒரு தபா பாத்துட்டுப் பிச்சி எறிஞ்சேன். இன்னாடா இதுன்னு கேட்டதுக்கு, எங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாரு, அடியில சைக்கிள் டியூபு வெச்சு கட்டுனா நழுவாது, அவரு காலத்துலேர்ந்து அப்டித்தான் ஓட்டுனாருன்னான். அன்னிக்குப் போலீஸ் பாத்திருந்தா புள்ள மேலயே தப்புன்னு எழுதிடுவானுங்க, உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னுதான் பிரிச்சேன். பெத்தவருகிட்ட இத எப்டிண்ணா சொல்றது? ஆனா ரத்னாக்கா என் மூஞ்சில துப்புனத மட்டும் தாங்க முடியல. வந்ததும் அவங்க கால்ல உயுந்து, நடந்தத சொல்லிடறேன். அத மட்டும் தடுக்காதீங்கண்ணா."

ரத்னா உள்ளேயிருந்து, "யாருய்யா போன்ல?" என்று கேட்டாள்.

"சாம்சன்."

"இன்னும் உசுரோடதான் கீறானா?"

"கீறான்" என்றேன். சாப்பாடு போட்டாள். வஞ்சிரம் வறுத்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்து அவனுக்குப் பேசி அனுப்பினேன்.

"சாம்சா, ஆர்டர் வந்துடுச்சுப்பா. உம்பேரு கீது. நீ எந்த எடத்துல கீறன்னு குடுத்துகீதோ அங்கதான் வந்து இட்டுனு போவாங்க. லாரில ஏறிடாத, ஓடிட்டான்னு பேர அடிச்சுடுவாங்க. குழிக்கே போயி இரு. எண்ணி ரெண்டே நாளு."

"சரிண்ணா. கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு" என்று பதில் வந்தது. அதுதான் கடைசி.

மிச்சம் அந்தக் கேரளாக்காரர் உங்களிடம் சொன்னதுதான். எனக்குத்தான் ஆர்டர் வந்துவிட்டதே, ஊருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சாம்சன் தன் போனை அவரிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஜாஸ்மினுக்குச் சொல்லிவிடும்படி கேட்டிருக்கிறான். தோளில் கட்டோடு குழிக்குப் போனான். மறுநாள் ஷிஃப்ட் மாற்ற, தூங்கிக்கொண்டிருந்த நேபாளியை எழுப்பக் குனிந்தபோது டிரோன் குழி வாயில் விழுந்ததாம்; பின்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அவரிடம் சொன்னது. கேரளாக்காரர் லாரியில் போனார், ஆஸ்பத்திரியில் நம் ஆபீசர்களைப் பார்த்தார், ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆர்டர் வந்துவிட்டது என்று அனுப்பியது ஏஜெண்ட்தான் என்று நினைத்துக்கொண்டார். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். தளவாய்க்கு அத்தனை அறிவு கிடையாது, மேடம்.

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சர்ச் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை ஒரு பக்கம் நான் தோள் கொடுத்தேன். பெட்டி கனமாகவே இல்லை. மண் போட்டு முடிந்ததும் ஜாஸ்மின் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று ராத்திரி ரத்னா சிவா படத்துக்கு விளக்கேற்றி, "அடங்குச்சாடா ராஜா உனக்கு" என்று கேட்டாள். எனக்கும் அடங்கியது போலத்தான் இருந்தது.

நீங்கள் கேட்பது புரிகிறது. அவன் கட்டவில்லை என்று அவனே சொன்ன பிறகும் ஏன் குழிக்கு அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். சாகப் பயந்தவன் ஆயிரம் சொல்வான், அதையெல்லாம் நம்ப முடியுமா? டியூப் வைத்துக் கட்டுவது நான் ஒருவன் மட்டும் கண்டுபிடித்த வித்தையா? டூல் ரூம் வாசலில் நான் நின்றபோது, சாம்சன் பிரித்த டேப்புக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு தொங்கியது, அது வாஸ்தவம். ஓரத்தைச் சாய்வாக வெட்டியிருந்தது, நான் வெட்டுகிற மாதிரி. அன்றைக்கே அதைப் பார்த்தேன். ரத்னாவிடம் சொன்னபோது அதை மட்டும் விட்டுவிட்டேன். பெற்றவளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சொல்ல வேண்டியது எவன் செய்தான் என்பதுதானே. எனக்கு ஒருவன் வேண்டியிருந்தது. சாம்சன் கையில் டேப் இருந்தது.

தளவாய் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்கிற இடத்தில் மகனுக்காகச் செய்தேன் என்று போடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். கேரளாக்காரர் கொண்டுவந்து கொடுத்த சாம்சன் போனை அடுத்த வாரம் திறக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதுவரை ஏன், என் போனிலேயே அவன் பேச்சு இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை. இதோ தருகிறேன், இப்போதே கேளுங்கள். ரத்னா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், முதலில் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், மேடம்.